பானட்டில் ஆறு கட்டம், காவலூரில் 93 அங்குலம்

ஹாஸ்டல் ஷெட்டில் நிக்கிற பைக்கோ, வீட்டில் அப்பா ஓட்டுற காரோ, ஏதோ ஒண்ணுக்கு நீங்களும் பாலிஷ் வாங்கியிருப்பீங்க. கடையில போய் நின்னா தலை சுத்தும். ரப்பிங் காம்பவுண்டு, லிக்விட் பாலிஷ், வேக்ஸ், சீலன்ட், செராமிக் ஸ்ப்ரே... எல்லா டப்பாவிலும் ஒரு சிவப்புக் கார் கண்ணாடி மாதிரி மின்னும். எது எதுக்குன்னு கடைக்காரருக்கும் முழுசா தெரியாது. நாம விலையைப் பார்த்து, நடுவில் இருக்கிறதை எடுத்துக்கிட்டு வந்துடுவோம்.

போன செமஸ்டர் லீவில் நான் இதை ஒழுங்கா சோதிச்சுப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். எங்க ஊர் ஆலங்காயம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். அப்பா வாடகைக் கார் ஓட்டுறவர். வண்டியை ஒரு கம்பெனி டிராவல்ஸில் மாச ஒப்பந்தத்துக்குச் சேர்க்கணும்னா வண்டி பார்க்கப் புதுசு மாதிரி இருக்கணும்னு சொல்லிட்டாங்களாம். அதனால பொறுப்பு என் தலையில். பானட் மேல மாஸ்கிங் டேப் ஒட்டி ஆறு கட்டம் பிரிச்சேன். ஐந்து கட்டத்தில் ஐந்து பொருள், ஆறாவது சும்மா. லேப்ல கன்ட்ரோல் சாம்பிள் வைக்கிற மாதிரி.

இந்தக் கட்டுரை அந்தப் பானட்டைப் பத்தி மட்டும் இல்லை. எங்க ஊரிலிருந்து ஜமுனாமரத்தூர் போற மலை ரோட்டில், காவலூரில், இன்னொரு பாலிஷ் வேலை இருக்கு. 2.34 மீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடி. அதை இந்த மலைக்குக் கொண்டுவந்தவரோட கதையைத்தான் சொல்லப் போறேன். பெயர் எம்.கே. வைணு பாப்பு. காவலூர் வானாய்வகத்துக்கே அவர் பெயர்தான். இருந்தாலும் எங்க ஊர்க்காரங்களுக்கே அது ஏதோ வடநாட்டுப் பெயர் மாதிரித்தான் கேட்கும்.

அவர் பிறந்தது சென்னையில், 1927 ஆகஸ்ட் 10-ஆம் தேதி. குடும்பம் கேரளத்தின் கண்ணூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. வளர்ந்தது ஹைதராபாத்தில். அங்கே நிஜாமியா வானாய்வகத்தில் அவருடைய அப்பாவுக்கு வேலை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. உங்களுக்கும் எனக்கும் அப்பாவோட வேலையிடம்னா ஒரு கடையோ ஆபீசோ வண்டியோ. அந்தப் பையனுக்கு அது தொலைநோக்கி நிற்கிற கூண்டு. நாம ஸ்கூட்டரைக் கழட்டிப் பார்க்கிற வயசில் அவர் ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கிட்டிருந்தார். கல்லூரியில் படிக்கும்போதே அதைப் பத்தி ஆய்வுக் கட்டுரையும் எழுதிட்டார்.

1949-இல் உதவித்தொகையோட அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் போனார். போய் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஜூலை 2-ஆம் தேதி இரவு எடுத்த ஒரு போட்டோ தகட்டில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கலான தீற்றல். புது வால்மீன். அவர் பெயரும், கூட இருந்த பார்ட் பாக், கார்டன் நியூகர்க் ஆகியோர் பெயரும் சேர்ந்து அது பாப்பு-பாக்-நியூகர்க் வால்மீன் ஆச்சு. பசிபிக் வானியல் சங்கம் அவருக்கு டோனோ வால்மீன் பதக்கம் கொடுத்தது. அப்போ வயசு இருபத்திரண்டு கூட ஆகலை. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு டைட்டில் தேடிக்கிட்டிருக்கிற நமக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் எரிச்சலா இருக்கும், பரவாயில்லை.

1952-இல் முனைவர் பட்டம். அதுக்கப்புறம் கார்னகி ஆய்வு நிதியில் கலிஃபோர்னியாவின் பாலமர் வானாய்வகம். அங்கே ஓலின் வில்சனோட சேர்ந்து செஞ்ச வேலைதான் இன்னிக்கும் பாடப் புத்தகத்தில் இருக்கிற வில்சன்-பாப்பு விளைவு. சுருக்கமா சொல்றேன். சில நட்சத்திரங்களோட நிறமாலையில், கால்சியம் உண்டாக்குற இருண்ட கோட்டுக்கு நடுவில் மெல்லிசா ஒரு பிரகாசமான கோடு தெரியும். அந்தக் கோடு எவ்வளவு அகலமோ, அந்த நட்சத்திரம் உண்மையில் அவ்வளவு பிரகாசம். உண்மைப் பிரகாசம் தெரிஞ்சா, நமக்குத் தெரியிற மங்கலை வெச்சுத் தூரத்தைக் கணக்கிட்டுடலாம். ஒரு கோட்டின் அகலத்தை அளந்து நட்சத்திரத்தின் தூரம். 1957-இல் கட்டுரை வெளியானது.

பாலமரில் இருக்கிற 200 அங்குலக் கண்ணாடியைப் பத்தி இங்கே சொல்லியாகணும், ஏன்னா பாலிஷ்னா என்னன்னு அதுதான் காட்டும். 1936-இல் அந்தக் கண்ணாடி வட்டு பாசடீனாவின் பட்டறைக்கு வந்தது. வரும்போது எடை 20 டன். மலைக்குப் போனது 1947 நவம்பரில். நடுவில் போர் வந்து சில வருஷம் வேலை நின்னது. அப்படிப் பார்த்தாலும் தேய்ப்பு மட்டும் பல வருஷம். தேய்ச்சு எடுத்த கண்ணாடி கிட்டத்தட்ட 5 டன். பாலிஷ் போடுறதுன்னா ஏதோ ஒண்ணை மேல பூசுறதுன்னு நினைக்கிறோம் இல்லையா? இங்கே ஒரு லாரி லோடு கண்ணாடியைக் கழிச்சிருக்காங்க.

இந்த விஷயம் எனக்குப் புரிஞ்ச விதம் கொஞ்சம் அவமானமானது. என் ஆறு கட்டத்தில் ரெண்டாவது கட்டம் ரப்பிங் காம்பவுண்டு. கையால தேய்ச்சதே அருமையா மின்னுச்சு. ஆசை யாரை விட்டது? பக்கத்துப் பட்டறையில் பஃபிங் மிஷினை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கிட்டு வந்து, கட்டத்தைத் தாண்டி பானட்டின் விளிம்பு வரைக்கும் ஓட்டினேன். விளிம்பில் திடீர்னு ஒரு வெளிர் கோடு. முதலில் தூசுன்னு நினைச்சுத் துடைச்சேன், போகலை. கலர் போய், கீழே இருக்கிற பிரைமர் தெரிஞ்சது. பட்டறை அண்ணன் வந்து பார்த்துட்டு, விளிம்பில் பெயிண்ட் எப்பவுமே மெல்லிசா இருக்கும்னும், அங்கே மிஷினை நிறுத்தக் கூடாதுன்னும் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம். அப்பா ஒண்ணும் சொல்லலை. அந்த விளிம்பை மட்டும் விரலால தடவிப் பார்த்துட்டு டீ குடிக்கப் போயிட்டார். அதுதான் கஷ்டமா இருந்தது.

கணக்கைப் பாருங்க. கார் பெயிண்டின் மேல் அடுக்கு, கிளியர் கோட், பொதுவா 40 முதல் 50 மைக்ரான். உங்க தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. காம்பவுண்டு ஒவ்வொரு தடவையும் அதிலிருந்து ஒன்றிரண்டு மைக்ரானைச் சுரண்டும். கீறலோட பள்ளத்தை அது நிரப்புறதில்லை. சுத்தியிருக்கிற மேட்டைப் பள்ளத்தோட மட்டத்துக்குக் கொண்டுவருது, அவ்வளவுதான். பாங்க் பேலன்ஸ் மாதிரி எடுக்கலாம், திரும்பப் போட முடியாது. வேக்ஸ், சீலன்ட், செராமிக் எல்லாம் வேற கட்சி. அதெல்லாம் மேல உட்காரும், வெயிலையும் பறவை எச்சத்தையும் கொஞ்ச நாள் தாங்கும், கரைஞ்சு போகும், திரும்பப் பூசிக்கலாம். ரெண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கி வெச்சு, ரெண்டுக்கும் பாலிஷ்னு பேர் வெச்சதுதான் குழப்பத்துக்கே காரணம்.

பாப்பு 1953-இல் இந்தியா திரும்பினார். பாலமரில் ஒரு ஆள் இப்படி ஒரு கண்டுபிடிப்பு செஞ்சிருந்தா அங்கேயே இருந்திருக்கலாம். இங்கே இருந்ததோ பழைய சில வானாய்வகங்கள், வெள்ளைக்காரன் காலத்துக் கருவிகள். முதலில் உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகம். வாரணாசியில் ஆரம்பிச்ச அது 1955-இல் நைனிதால் மலைக்கு மாறியதில் அவர் பங்கு பெரிசு. 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார்.

கொடைக்கானல் சாதாரண இடமில்லை. 1899-இல் தொடங்கின, சூரியனைப் பார்த்துக்கிட்டிருக்கிற இடம். சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமா ஓடுறதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடிச்சது அங்கேதான். ஆனா பாப்புவுக்கு வேணும்னது இரவு வானம். கொடைக்கானலில் வருஷத்தில் எத்தனை இரவு மேகமில்லாம இருக்கும்னு டூர் போய்ட்டு வந்த உங்களுக்கே தெரியும். சூரியனுக்குக் காலையில் சில மணி நேரம் கிடைச்சாப் போதும். மங்கலான நட்சத்திரத்துக்கு முழு ராத்திரி வேணும்.

அதனால தென்னிந்தியாவில் வேற மலை தேட ஆரம்பிச்சாங்க. நகர வெளிச்சம் எட்டக் கூடாது, மேகம் குறைவா இருக்கணும், பூமத்திய ரேகைக்குப் பக்கமா இருந்தா தென்கோள வானத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். கடைசியில் அமைஞ்சது ஜவ்வாது மலையில் காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர், அட்சரேகை சுமார் 12.5 டிகிரி. சந்தன மரக் காடு. எங்க பாட்டி காலத்தில் அந்தப் பக்கம் ராத்திரி போக ஆளே கிடையாதாம். வானியலுக்கு அதைவிட நல்ல தகுதி வேற என்ன வேணும்?

அங்கே முதலில் நின்ன தொலைநோக்கி 38 சென்டிமீட்டர். கொடைக்கானல் பட்டறையிலேயே செஞ்சது. 1968-இல் அதை வெச்சு வானத்தைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து, கார்ல் சைஸ் நிறுவனம் செஞ்ச 1 மீட்டர் தொலைநோக்கி 1972-இல் வந்து நின்னது. வந்த வேகத்திலேயே பலன். அந்த வருஷம் ஜூன் 7-ஆம் தேதி வியாழனோட நிலா கானிமீட் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போச்சு. நட்சத்திரம் மறைஞ்ச விதத்திலிருந்து, கானிமீடைச் சுத்தி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம்கிற அறிகுறி கிடைச்சது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் அதே மாதிரி ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகும்போது, மறைக்கிறதுக்கு முன்னாடியே வெளிச்சம் குறைஞ்சு குறைஞ்சு வந்தது. உலகத்தில் சில இடங்களில் மட்டும் பதிவான அந்த இறக்கம் காவலூரிலும் பதிவாச்சு. யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகம் அறிஞ்சது அப்படித்தான். எங்க மலையிலிருந்து.

இங்கேதான் அவர் எடுத்த முடிவு வருது. அடுத்தது இன்னும் பெருசு வேணும். சைஸ் கம்பெனிகிட்டயோ வேற யார்கிட்டயோ ஆர்டர் கொடுத்தா, மரப்பெட்டியில் வந்து இறங்கும், மாட்டிக்கிட்டு வேலையைப் பார்க்கலாம். விஞ்ஞானிக்கு ஆய்வுதான் முக்கியம்னு பார்த்தா அது தப்பும் இல்லை. பாப்பு அந்தத் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யணும்னு நின்னார். 93 அங்குலம், அதாவது 2.34 மீட்டர். கண்ணாடி வட்டு மட்டும் வெளிநாட்டு வரவு. சூட்டில் அதிகம் விரியாத ரகம். அதைக் குழிச்சுத் தேய்ச்சு வடிவத்துக்குக் கொண்டுவர்றது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பெங்களூர் ஒளியியல் கூடத்தில். 1971-இல் தன்னாட்சி பெற்று, 1975-இல் பெங்களூருக்கு இடம் மாறிய அந்த நிறுவனத்தை உருவாக்கியவரும் அவர்தான். வடிவமைப்பில் டாட்டா கன்சல்டிங் எஞ்சினியர்ஸ், இரும்பு வேலை வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ், கட்டுப்பாட்டு எலெக்ட்ரானிக்ஸில் பாபா அணு ஆராய்ச்சி மையம். சர்க்கரை ஆலைக்கும் சிமென்ட் ஆலைக்கும் மிஷின் செய்றவங்ககிட்ட, நட்சத்திரத்தோட சேர்ந்து மெதுவா திரும்புற இயந்திரம் கேட்டா எப்படி இருந்திருக்கும்னு மெக்கானிக்கல் ஆளுங்க கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

எனக்குப் பிடிச்ச இடம் அந்தத் தேய்ப்பு, அதனால அதில் கொஞ்சம் நிக்கிறேன். 2.34 மீட்டர் வட்டத்தை நடுவில் குழிக்கணும். குவியத்தூரம் சுமார் 7.6 மீட்டர். கணக்குப் போட்டா நடுப்பள்ளம் நாலரை சென்டிமீட்டர் வரும். ஒரு பெரிய தோசைக்கல் மாதிரி லேசான குழி. முதலில் கரடான பொடி, அப்புறம் படிப்படியா நைசான பொடி, நம்ம பட்டறையில் வாட்டர் பேப்பரை 400, 800, 1500-ன்னு மாத்துற மாதிரியே. ஒவ்வொரு பொடியும் முந்தின பொடி விட்ட கீறலை எடுத்துட்டு, தன்னோட சின்னக் கீறலை விடும். கடைசியில் கீல் பூசின தேய்ப்பான். மேல சீரியம் ஆக்சைடு தண்ணீரில் கலந்த குழம்பு. இதே சீரியம் ஆக்சைடுதான் கார் கண்ணாடியில் வைப்பர் போட்ட கீறலை எடுக்கவும் கடையில் விக்குது. பொருள் ஒண்ணுதான், பொறுமைதான் வேற.

கோள வடிவம் போதாது, பரவளையம் வேணும். அப்போதான் எல்லாக் கதிரும் ஒரே புள்ளியில் சேரும். இந்த அளவுக் கண்ணாடியில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் வர்ற வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நடுவில் ரெண்டும் ஒட்டியிருக்கிறதா வெச்சுக் கணக்குப் போட்டேன், சுமார் 67 மைக்ரான் வந்தது. ஒரு முடியின் தடிமன். நான் பானட் விளிம்பில் ஒரு நிமிஷத்தில் காலி பண்ணின பெயிண்டை விடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த 67 மைக்ரானை விளிம்பிலிருந்து நடு வரைக்கும் சரியான விகிதத்தில் பகிர்ந்து எடுக்கணும். எங்கேயும் பச்சை ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல பிசகக் கூடாதுன்னு வெச்சுக்கிட்டா அது சுமார் 70 நானோமீட்டர். முடியை ஆயிரம் கூறு போட்டா அதில் ஒரு கூறு.

இன்னொரு தொல்லையும் உண்டு. தேய்ச்சா சூடாகும், சூடானா அந்த இடம் புடைக்கும். புடைச்ச இடத்தை அளந்தா தப்பான அளவு வரும். அதனால கொஞ்சம் தேய்ச்சுட்டு, கண்ணாடி ஆறும் வரை காத்திருந்து, அப்புறம் அளக்கணும். இந்தத் தொழிலில் தேய்க்கிற நேரத்தை விடக் காத்திருக்கிற நேரம் அதிகம். கண்ணுக்குப் பார்த்தா கண்ணாடி எப்பவோ பளபளன்னு ஆகியிருக்கும். பளபளப்பு வந்துடுச்சுன்னா வடிவம் வந்துடுச்சுன்னு அர்த்தமில்லை. அதைப் பார்க்க 1858-இல் பிரெஞ்சுக்காரர் ஃபூக்கோ ஒரு எளிமையான வழி கொடுத்தார். கதிர் வந்து குவியிற புள்ளியில் ஒரு பிளேடு முனையை மெல்ல நுழைச்சா, கண்ணாடியில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் நிழலா எழும்பித் தெரியும். பல நானோமீட்டர் பிசகு கூட மலை மாதிரி தெரியும்.

வீட்டில் பாலிஷ் ஒப்பிடுறவங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. என் முதல் கட்டத்தில் போட்ட மலிவான லிக்விட் பாலிஷ் முதல் நாள் எல்லாத்தையும் விட அழகா இருந்தது. அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில் கலந்து துணியில் நனைச்சுத் துடைச்சேன். வட்ட வட்டமான கீறல் அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. அதில் இருந்த எண்ணெய் கீறலுக்குள்ள உட்கார்ந்து மறைச்சிருக்கு, அவ்வளவுதான். நீங்க ஒப்பிடும்போது ஆல்கஹால் துடைப்புக்கு முன்னாடி எதுக்கும் மார்க் போடாதீங்க. ராத்திரி மொபைல் டார்ச்சைச் சாய்வாப் பிடிச்சுப் பாருங்க. அதுதான் நம்மளோட பிளேடு முனை.

தேய்ச்சு முடிச்ச கண்ணாடி வெறும் கண்ணாடிதான். விழுற ஒளியில் நூத்துக்கு நாலு பங்குதான் திருப்பும். மேல உலோகம் வேணும். பழைய காலத்தில் வெள்ளி பூசினாங்க, சீக்கிரம் கறுத்துடும். 1930-களில் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிற முறை வந்தது. படலம் சுமார் 100 நானோமீட்டர் இருந்தாப் போதும். 2.34 மீட்டர் வட்டத்துக்கு மொத்தம் எவ்வளவு அலுமினியம்னு கணக்குப் போடுங்க. பரப்பு 4.3 சதுர மீட்டர், அடர்த்தி 2.7. விடை சுமார் 1.2 கிராம்! ஒரு டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடி, அதைச் சுமக்கிற ராட்சத இரும்புச் சட்டம், மேல சுழலும் கூண்டு எல்லாமே அந்த ஒண்ணேகால் கிராமைச் சரியான வடிவத்தில் பிடிச்சு வைக்கத்தான். அலுமினியத்துக்குப் பாதுகாப்புப் பூச்சும் தனியா வேண்டாம். காத்துப் பட்டதும் தானே சில நானோமீட்டர் ஆக்சைடைப் போர்த்திக்கும். தூசும் பனியும் சேர்ந்து மங்கினா, பழைய படலத்தை ரசாயனத்தில் கரைச்சுக் கழுவி, காவலூரிலேயே இருக்கிற பெரிய வெற்றிடக் கலத்தில் வெச்சுப் புதுசா பூசிக்கலாம். கீழே இருக்கிற கண்ணாடியைத் திரும்பத் தேய்க்கிறதில்லை. அது ஒரு தடவைதான்.

இந்த வேலையெல்லாம் ஓடிக்கிட்டிருந்தப்போ பாப்பு உலக அளவில் உச்சத்தில் இருந்தார். 1979-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவர் ஆனார். 1981-இல் பத்மபூஷண். உருதுக் கவிதையிலும் ஓவியத்திலும் தோட்டத்திலும் ஆசை உள்ளவர்னு அவரைத் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க. ஆனா காவலூரில் மேடை தயார், கூண்டு எழும்புது, தொலைநோக்கி இன்னும் முடியலை.

1982 ஆகஸ்டில் ஒன்றியத்தின் பொதுமாநாடு கிரீஸ் நாட்டின் பட்ராஸ் நகரில். தலைவரா அவர்தான் அங்கே இருக்கணும். இதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியில் மியூனிக் மருத்துவமனையில் இருந்தார். மாநாடு நடந்துகிட்டிருந்த அதே நாட்களில், ஆகஸ்ட் 19-ஆம் தேதி, அங்கேயே இறந்துட்டார். வயசு 55. சைஸ் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்திருந்தா அவர் கண்ணால பார்த்திருப்பாரோன்னு எனக்கு ஒரு யோசனை வந்துக்கிட்டே இருக்கு. வந்திருக்கலாம். ஆனா அப்புறம் பெங்களூரில் அந்தக் கண்ணாடியைத் தேய்க்கத் தெரிஞ்ச கை இருந்திருக்காது. எது சரின்னு என்னால சொல்ல முடியலை. உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க.

கூட இருந்தவங்க வேலையை நிறுத்தலை. 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1988 பிப்ரவரியில், அதே வளாகத்தில் இருக்கிற சின்ன ஷ்மிட் தொலைநோக்கியில் ஆர். ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சார். அதுக்கு ராமானுஜன்னு பெயர். பாப்பு பெயரிலும் ஒரு குறுங்கோள் சுத்துது, எண் 2596.

பானட் முடிவையும் சொல்லிடறேன், கேட்பீங்க. லிக்விட் பாலிஷ் ரெண்டு ஷாம்பு வாஷில் காணாமப் போச்சு. காம்பவுண்டு போட்ட கட்டம் கீறல் இல்லாம இருந்துச்சு, ஆனா மேல ஒண்ணும் இல்லாததால தூசு அப்பிக்கிச்சு. வேக்ஸ் மூணு வாரம் தண்ணியை முத்து முத்தா உருட்டினது, அப்புறம் ஓய்ஞ்சுட்டது. மலைப்பக்க வெயிலுக்கு அது அவ்வளவுதான். சீலன்ட்டும் செராமிக் ஸ்ப்ரேயும் லீவு முடியும் வரைக்கும் நின்னது, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை, விலையில் தவிர. அதனால அப்பா வண்டிக்கு சீலன்ட். விளிம்பில் பிரைமர் தெரிஞ்ச இடத்தைப் பட்டறை அண்ணன் டச்-அப் பண்ணிக் கொடுத்தார், பாதிக் காசுக்கு. கிட்டப் போய்ப் பார்த்தா நிறம் ஒரு சாயல் மாறித் தெரியும். ஒப்பந்தம் கிடைச்சுது. வண்டியைப் பார்க்க வந்தவர் பானட்டைத் திரும்பிக் கூடப் பார்க்கலை, டயரைத்தான் பார்த்தார்.

காவலூர் போகணும்னா பொதுமக்களை விடுற சனிக்கிழமையா பார்த்துப் போங்க. ஆலங்காயம் வரைக்கும் பஸ் நிறைய, அதுக்கு மேல குறைவு. மழைக்காலம் வேண்டாம், கூண்டு மூடியிருக்கும். சொந்த வண்டியில் போனா கடைசி வளைவு திரும்பினதும் ஹை பீமை அணைச்சுடுங்க. உள்ளே யாராவது ஒரு மங்கலான நட்சத்திரத்துக்காகக் காத்திருப்பாங்க.